காலரில் இல்லாத பட்டன்

நாள் முழுதும் பொறுமையை விற்றுச் சம்பாதிக்கிறவள் நான். வீட்டுக்கு வரும்போது சரக்கு தீர்ந்திருக்கும். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார்" என்று சொல்வது என் வேலை. என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். கத்தரிக்கோல் நின்றாலும் அவர் வாய் நிற்காது. தெருவில் அவருக்கு ரேடியோ என்றே பேர். ஆக, எங்கள் இருவருக்கும் வாய்தான் முதல். அந்த முதலை வைத்துத்தான் அன்றைக்கு பேங்க்கோடு பேரம் பேச உட்கார்ந்திருந்தோம்.

சலூனுக்கு வார விடுமுறை. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே விளக்கைப் போட்டிருந்தோம். சாயங்கால ஷிப்டுக்குப் போக வேண்டும் என்பதால் ஆபீஸ் சட்டையோடு வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது நாற்காலியை அவர் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கைப்பிடி, கால் வைக்கும் தகடு, உயரம் கூட்டுகிற மிதி என்று ஒவ்வொன்றாகத் துடைத்தார். நாலு மணிக்கு அதை வாங்கிக்கொண்டு போகப் பழைய சாமான் வியாபாரி ஒருவர் வருவதாகப் பேச்சு.

இரண்டு நாற்காலியும் கிரெடிட் கார்டில் வாங்கியவை. கார்டு என் பேரில். வாங்கின மறு மாதமே சாக்கடைக்குக் குழாய் போடுகிறோம் என்று தெருவைத் தோண்டினார்கள். முடி வெட்டிக்கொள்ள எவன் பள்ளம் தாண்டி வருவான்? கடை வாடகையையும் கார்டிலிருந்துதான் எடுத்தேன். மாதா மாதம் 'மினிமம்' என்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். மூன்றரை சதவீதம் மாத வட்டி. அசல் நின்ற இடத்தில் நிற்க, வட்டி குட்டி போட்டது, குட்டியும் குட்டி போட்டது.

இப்போது தெருவை மூடிவிட்டார்கள். கூட்டம் திரும்பிவிட்டது. சனி, ஞாயிறு வருகிறவர்கள் பெஞ்சில் காத்திருந்து காத்திருந்து எழுந்து போய்விடுகிறார்கள். இரண்டாவது நாற்காலியில் வேலை பார்க்க ஒரு ஆளும் கிடைத்துவிட்டான், அடுத்த வாரம் வருகிறேன் என்றிருக்கிறான். இந்த நேரம் பார்த்து நாற்காலியை விற்பது, ஓட ஆரம்பித்த பிறகு காலை வெட்டிக்கொள்வது மாதிரி. வட்டி குறைந்தால் நாற்காலி நிற்கும், குறையாவிட்டால் போகும். அன்றைய விஷயம் அவ்வளவுதான்.

அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. எனக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். நாற்காலியை விற்றால் கடனில் பெரும்பங்கு அடைந்துவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் அப்படி நினைக்க விட்டிருந்தேன். "எவ்வளவு இருக்கு இன்னும்?" என்று எப்போது கேட்டாலும், "பாத்துக்கலாம்" என்பேன். அப்படிச் சொல்லும்போது என் வலது கட்டை விரல் சட்டைக் காலருக்குப் போகும். ஹெட்செட் வயரில், காலருக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் நம் குரல் அந்தப் பக்கம் போகாது. எட்டு வருஷப் பழக்கம். பக்கத்து சீட்டுக்காரியிடம் "இவனுக்கு மெஷினை ஆன் பண்ணவே தெரியல" என்று சொல்வதற்கு முன், விரல் தானே போய் அழுத்திவிட்டு வரும்.

"காசு பேச்சை எடுத்தா உடனே என்னை மியூட் பண்றியே" என்று அவர் கேலி செய்வார். நானும் சிரித்து வைப்பேன்.

போனைக் கண்ணாடிக்கு முன்னால் சீப்புகளின் நடுவில் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரில் போட்டேன். தானும் கேட்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார்.

"ஒரு வார்த்தை பேசக் கூடாது நீங்க" என்றேன்.

"நான் எதுக்குப் பேசப் போறேன்."

"இருமக்கூடக் கூடாது."

முதலில் எடுத்தது ஒரு சின்னப் பெண். பிறந்த தேதி, கார்டின் கடைசி எண்கள், போன மாதம் கட்டிய தொகை எல்லாம் கேட்டாள். வட்டியைக் குறைக்கச் சொன்னேன். "எங்க பேங்க்ல எல்லாருக்கும் ஒரே வட்டிதான் மேடம்" என்றாள். எழுதி வைத்ததைப் படிக்கிறாள் என்று தெரிந்தது. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. குறைக்கிற அதிகாரம் அவளிடம் இல்லை. விட்டுப் போகிறேன் என்று சொல்கிறவர்களைப் பிடித்து வைக்க என்றே எல்லாக் கம்பெனியிலும் ஒரு பிரிவு உண்டு. அங்கே போய்ச் சேர ஒரே ஒரு வார்த்தைதான் வழி.

"அப்போ கார்டை மூடிடுங்க" என்றேன்.

கண்ணாடிக்குள் என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். கண்ணாடி வழியாகவே முறைத்தேன். துணியை எடுத்துக்கொண்டு மறுபடியும் நாற்காலியைத் துடைக்கப் போய்விட்டார்.

போனில் காத்திருக்கச் சொல்லும் பாட்டு வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. வேலையில் எனக்கு இப்படி அடித்ததே இல்லை. அங்கே போவது அடுத்தவன் மெஷின்.

பாட்டு நின்று ஒரு ஆண் குரல் வந்தது. அவசரமில்லாத குரல். இவர் பழம் தின்று கொட்டை போட்டவர் என்று முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

"வணக்கம் மேடம். கார்டை மூடணும்னு சொன்னீங்களாம். ஒரு மாசம்கூடத் தவறாம கட்டியிருக்கீங்க. உங்களை மாதிரி ஒரு கஸ்டமர் ஏன் போறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"வட்டிதான் காரணம் சார். வேற ஒரு பேங்க்ல ஒண்ணே கால் சதவீதத்துக்கு மொத்தக் கடனையும் மாத்திக்கிறோம்னு சொல்றாங்க. உங்ககிட்டயே இருக்கலாம்னு ஆசைதான். நீங்க குறைச்சா இருக்கேன், இல்லேன்னா போறேன்."

முழுப் பொய். அந்த இன்னொரு பேங்க் என் விண்ணப்பத்தை ஒரு வாரத்துக்கு முன்பே தள்ளிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று தெரிந்தும், குரல் ஆடாமல் சொன்னேன். குரலைக் கட்டுவதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

"எந்த பேங்க் மேடம்?"

"அது எதுக்கு சார்?"

"குறிச்சுக்கணும்."

"நீங்க உங்க பதிலைச் சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

கீபோர்டு தட்டும் சத்தம். "சரி மேடம். உங்களுக்காக மூணே கால் ஆக்கித் தரேன்."

கால் சதவீதம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. நான் பதில் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. விலை சொன்ன பிறகு யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்களுக்குத் தோல்வி. கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் சிவந்திருந்தது. ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான் இருக்கும்.

"மூணு" என்றது குரல்.

நான் பேசவில்லை.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். யோசிக்கிறேன்."

மறுபடி கீபோர்டு. "உங்க ரெக்கார்டு நல்லா இருக்கு. ஒண்ணரைக்குக் கேட்டுப் பாக்கறேன். என் மேலதிகாரி ஒத்துக்கணும். வேற பேங்க் ஆஃபர் இருக்குன்னு நான் எழுதினா ஒத்துக்குவார்னு நினைக்கறேன். ஒரு நிமிஷம்..."

ஒண்ணரை. என் வீட்டுக்காரரின் கை துணியோடு அப்படியே நின்றுவிட்டது. ஒண்ணரை என்றால் நாற்காலி எங்களுடையது.

அந்த நேரம் பார்த்து ஷட்டரை யாரோ வெளியே இருந்து தட்டினார்கள். நாலு மணி என்றவர் மூன்றுக்கே வந்துவிட்டார். குனிந்து உள்ளே நுழைந்து, யாரையும் பார்க்காமல் நேரே போய் நாற்காலியின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார்.

"வந்துட்டார்" என்றார் என் வீட்டுக்காரர், பதறி.

என் விரல் காலருக்குப் போய் அழுத்தியது.

"அவரைக் கொஞ்சம் வெளியே உக்கார வைங்க. இந்த ஆள் இப்பத்தான் இறங்கி வர்றார். அந்த பேங்க்கும் இல்ல, ஒண்ணும் இல்ல, அவங்கதான் தரமாட்டோம்னுட்டாங்களே. இவர் என்ன குடுத்தாலும் வாங்கிக்கத்தான் போறோம். கொஞ்சம் பொறுங்க, கெடுத்துடாதீங்க."

சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். என் கட்டை விரல் வெறும் சட்டைத் துணியை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே வயரும் இல்லை, பட்டனும் இல்லை. போன் சீப்புகளின் நடுவில், ஸ்பீக்கரில், ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு வரவில்லை. பாட்டு வந்தால் அந்தப் பக்கத்து ஆள் நிஜமாகவே எழுந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். வெறும் அமைதி என்றால் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தவளை தன் வாயால் கெட்டது. போனை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது, அதுவும் என் போன்தான் என்பதால் அடிக்கவில்லை.

"மேடம்" என்றது குரல் கடைசியில். "நீங்களும் ஹெட்செட் வேலையா?"

"ஆமா சார்."

"நினைச்சேன். நானும் வீட்டுல காலரை அமுக்கிட்டு, மாமியாரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லி மாட்டிக்கிட்டவன்தான்." அவர் சிரிக்கவில்லை. உடனே பழைய குரலுக்குத் திரும்பிவிட்டார். "மேடம், இந்த அழைப்பு பதிவாகுது. நீங்க சொன்னதும் பதிவாகிடுச்சு. வேற பேங்க் ஆஃபர் இருக்குன்னு இனிமே என்னால எழுத முடியாது. அந்த ஒண்ணரை இனிமே இல்ல."

நாற்காலி வாங்க வந்தவர் மிதியைக் காலால் அழுத்தி, நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, காதை இங்கே வைத்திருந்தார். "என்னண்ணே, புது மாடல் எடுக்கறோம், அதான் இதைத் தள்றோம்னு சொன்னீங்க?" என்றார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். காலையிலிருந்து "பேங்க்காரங்ககிட்டப் பொய் சொல்லாதே, பொய் சொல்லாதே" என்று உபதேசம் செய்தவர், சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போனை வைத்துவிடலாம் என்று கை நீட்டினேன்.

"மேடம், உங்க நிலைமையைப் பத்தி வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்றது குரல்.

கை நின்றது. இந்தக் கேள்வி எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில், மெஷின் ஷாக் அடிக்கிறது என்று வாடிக்கையாளர் தன் வாயால் சொன்னால் அன்றைக்கே இலவசமாக மெக்கானிக்கை அனுப்பலாம். ஆனால் "ஷாக் அடிக்குதா?" என்று நாங்கள் கேட்கக் கூடாது. "வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று மட்டும் கேட்கலாம். கேட்டுவிட்டுக் காத்திருப்போம். அழுகிற பிள்ளைக்குத்தான் பால், ஆனால் அழு என்று பிள்ளைக்குச் சொல்லித்தர எங்களுக்கு அனுமதி இல்லை.

ஆக, அவர் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறார். எந்த வார்த்தை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைச் சொன்னால் பக்கத்தில் நிற்கிற வியாபாரி விலையைப் பாதியாக்குவார். சொன்ன பிறகும் பேங்க் மறுத்தால் நாற்காலியும் போய், விலையும் போய்விடும். அதைவிடப் பெரிய சங்கடம் என் வீட்டுக்காரர். அவர் காதில் விழக் கூடாது என்று இத்தனை மாதம் நான் கட்டிக்காத்த வார்த்தை அது.

நான் வாயைத் திறக்காததைப் பார்த்து அவரே போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "கட்ட முடியல சார்" என்றார்.

"யார் பேசறீங்க சார்?"

"நான் அவங்க வீட்டுக்காரர்."

"மன்னிக்கணும் சார். கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் சொல்லணும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வியாபாரியும் பார்த்தார். எதிர்க் கண்ணாடியில் ஒருத்தி, பின் கண்ணாடியில் ஒருத்தி, அதற்குள் சின்னதாக இன்னும் பல பேர், எல்லோரும் என் சட்டையைப் போட்டுக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

"என்னால கட்ட முடியல" என்றேன். வேலையில் வைத்திருக்கிற குரல் வரவில்லை, எனக்கே பழக்கமில்லாத ஒரு குரல்தான் வந்தது. "எங்களால கட்ட முடியல சார்."

"எத்தனை மாசமா மேடம்?"

"ஒரு வருஷமா. மினிமம் கட்டறதுக்குக்கூட என் செயினை அடகு வெச்சிருக்கேன்."

என் வீட்டுக்காரரின் கை என் நாற்காலியின் முதுகைப் பிடித்தது. நான் திரும்பவில்லை.

"எதையாவது வித்துக் கடனை அடைக்க வழி இருக்கா? இதை நான் கேட்டாகணும்."

இரண்டாவது நாற்காலி பளபளவென்று இருந்தது. அதன் மேல் வியாபாரி கை வைத்திருந்தார்.

"ஒரு நாற்காலி இருக்கு. சலூன் நாற்காலி. அதை வித்தாலும் முடியாது சார். அந்தப் பணம் நாலு மாச வட்டிக்குக் காணாது. அசல்ல ஒரு துளி குறையாது. அதுக்கப்புறம் சம்பாதிக்க நாற்காலியும் இருக்காது." சொல்ல ஆரம்பித்ததும் அடைக்க முடியவில்லை. "வட்டி குறைஞ்சா அடைச்சிடுவோம். ஓடிப்போற ஆளுங்க இல்ல நாங்க. இப்படியே போனா ஆயுசுக்கும் வட்டிதான் கட்டுவோம்."

"ஒரு நிமிஷம் இருங்க மேடம்."

இந்த முறை பாட்டு வந்தது. நிஜமாகவே எழுந்து போயிருக்கிறார்.

வியாபாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அண்ணே, நேத்துச் சொன்ன விலை கொஞ்சம் கூடுதல்தான். கைப்பிடி வேற ஆடுது. நான் வந்ததுக்கு, அதுல பாதி தரேன். இப்பவே கையில."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று பிறந்தவர்கள் எங்கேயும் உண்டு. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் என் வீட்டுக்காரர் பதில் சொல்லட்டும் என்று இருந்தேன். கோபமாக இருக்கிறாரா, அழப் போகிறாரா என்று முதுகுப்பக்கம் நிற்கிறவரைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் பார்க்கவும் பயமாக இருந்தது. பாட்டு முடிந்து, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

வியாபாரி பணத்தை எடுத்து எண்ணி, சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பாட்டு நின்றது.

"மேடம், கஷ்டத்துல இருக்கற கஸ்டமர்களுக்குன்னு ஒரு திட்டம் இருக்கு. நீங்க கேட்டதால சொல்றேன்." அந்தக் 'கேட்டதால'வில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தார். "கார்டு இன்னியோட முடக்கம். இனிமே அதுல ஒண்ணும் வாங்க முடியாது. மொத்தத் தொகையை மூணு வருஷத் தவணையாக்கறோம். வட்டி மாசம் ஒரு சதவீதம். ஒரு தவணை தவறினாலும் பழைய வட்டிக்கே போயிடும். சம்மதமா?"

ஒன்று. நான் பொய் சொல்லிக் கேட்டதைவிடக் குறைவு.

"சம்மதம் சார்."

முதல் தவணை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். திருப்பிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றார். ஒவ்வொரு அழைப்பின் கடைசியிலும் நானும் கேட்கிற கேள்விதான். இல்லை என்றேன். நன்றி என்று நான் சொன்னதை அவர் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

என் வீட்டுக்காரர் சீப்புக்குப் பக்கத்தில் இருந்த பணத்தை எடுத்து வியாபாரியின் சட்டைப் பையில் வைத்தார். "நாற்காலி விக்கலண்ணே."

"வண்டி வாடகை குடுத்து வந்திருக்கேன்."

"வந்ததுக்கு ஒரு கட்டிங் பண்ணிக்கறீங்களா? காசு வேணாம்."

வியாபாரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே குனிந்து வெளியே போனார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் ஷட்டரைத் தரை வரைக்கும் இறக்கினார். வந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்த இரண்டு நாற்காலிகளிலும் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வட்டி குறைந்த சந்தோஷத்தில் இந்நேரம் ரேடியோ அலறியிருக்க வேண்டும்.

"செயினை வெச்சதை என்கிட்டச் சொல்லல" என்றார்.

"பாத்துக்கலாம்னு..."

"நான் இந்த நாற்காலியை வித்து உன் பாரத்தைக் குறைக்கறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். நாலு மாச வட்டிக்குக்கூடக் காணாதுன்னு யாரோ ஒருத்தர்கிட்ட நீ சொல்லித்தான் எனக்குத் தெரியுது." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன். "மொத்தம் எவ்வளவு? வேற என்ன இருக்கு எனக்குத் தெரியாம?"

என் கட்டை விரல் காலருக்குப் போனது. நான் போகச் சொல்லவில்லை, அதுவாகப் போனது.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் கேலி செய்வார், நான் சிரிப்பேன், பேச்சு முடிந்துவிடும். அன்றைக்கு அவர் கை நீட்டி என் விரலைக் காலரிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அங்க ஒண்ணும் இல்லம்மா" என்றார். "சொல்லு, நான் லைன்லதான் இருக்கேன்."

ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் முதல் மாதத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.